லீவுக் கணக்கு யார் கையில்?

சர்க்கார் காரியாலயங்களிலே சிப்பந்திகள் லீவு கேட்பதற்கும், மேலதிகாரி அதைக் கொடுப்பதற்கும், கொடுத்ததையும் மிஞ்சியதையும் கணக்கு வைப்பதற்கும் இப்போது காகிதமும் பேனாவும் வேண்டாமற் போய்விட்டன. எல்லாம் மின் யந்திரத்திலேயே நடக்கிறது. குமாஸ்தா தம் மேஜையிலிருந்தே இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை லீவு வேண்டுமென்று பதிகிறார். அது அந்த நிமிஷமே மேலதிகாரிக்குப் போகிறது. அவர் சம்மதித்தால் மிச்ச நாட்கள் தாமாகவே குறைகின்றன. மலேசியாவில் இதற்கு மனிதவள நிர்வாகத் தகவல் முறை என்று பெயர், ஆபீசுகளில் எச்.ஆர்.எம்.ஐ.எஸ். என்றே வழங்குகிறார்கள். 1996-இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்னும் பெருந்திட்டத்தின் மின்-அரசாங்கப் பகுதியிலே பிறந்து, பொதுச் சேவை இலாகாவின் பொறுப்பிலே வளர்ந்த பிள்ளை இது. தமிழ்நாட்டிலும் சர்க்கார் ஊழியரின் சம்பளம், லீவு முதலியவற்றை ஒரே யந்திரக் கணக்கில் சேர்த்து, அதற்குக் 'களஞ்சியம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் நல்ல பெயர்தான்.

இதைக் கண்டு சிலர் ஆனந்தக் கூத்தாடுகிறார்கள். வேறு சிலர், யந்திரம் வந்தால் மனுஷத்தன்மை போய்விடும் என்று மூக்கால் அழுகிறார்கள். நாம் இவ்விரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவர்களல்ல. யந்திரம் வேண்டும் என்பதே நம் கட்சி. ஆனால் அந்த யந்திரத்திலே யாருடைய பெயர் ஏறியிருக்கிறது, யாருடைய பெயர் ஏறவில்லை என்று கேளாமல் கைதட்டுவதற்கு நம்மால் ஆகாது. ஏனெனில், நம் சமூகம் இந்நாட்டில் நூறு வருஷங்களுக்கு மேலாகப் பட்ட பாட்டில் பெரும் பகுதி, நம் கணக்கைப் பிறர் எழுதியதனால் வந்த பாடு.

தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புத்தகம் என்றவுடன் பள்ளிக்கூடத்துப் புத்தகம் நினைவுக்கு வருவதற்கு முன் செக்ரோல் நினைவுக்கு வரும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் போய் நின்றவன் பேர் அதில் ஏறும். பிந்தி வந்தவன் பேர் ஏறாது. பேர் விழுந்தால் கூலி, விழாவிட்டால் பட்டினி. மழை வந்து பால் கெட்டுப் பாதியில் திரும்பியவனுக்கு அரைப் பேர். அப்புத்தகத்தை எழுதியவர் கிராணியார்; கையெழுத்துப் போட்டவர் துரை. யாருடைய உழைப்பும் ஜீவனமும் அதில் எழுதப்பட்டனவோ, அவன் அதைத் திறந்து பார்த்தது கிடையாது. திறந்து காட்டினாலும் அது இங்கிலீஷில் இருக்கும். "நேற்று வந்தேனே ஐயா" என்று அவன் சொல்லுவான். "புத்தகத்தில் இல்லையே" என்று கிராணியார் சொல்லுவார். அதற்கு மேல் அங்கே விசாரணை இல்லை. அந்தக் கிராணியாரும் பெரும்பாலும் நம்மவரே என்பதை இங்கே மறைப்பானேன்?

அக்காலத்தில் லீவு என்பது ஒரு பாத்தியதையே அல்ல. ஊரில் தாய் செத்தாள் என்றாலும், பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றாலும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துரை பங்களாப் படிக்குக் கீழே நின்று கேட்கவேண்டும். துரை நல்ல மனதாக இருந்தால் கிடைக்கும். 1941-ஆம் வருஷம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வும், சீனத் தொழிலாளரோடு சமமான சம்பளமும் மாத்திரம் அவர்கள் கேட்கவில்லை. பத்து மணி, பன்னிரண்டு மணி வேலையை ஒழிக்கவேண்டும். சரியான வைத்திய வசதி வேண்டும். கள்ளுக் கடையை மூடவேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து பார்த்துப்போகத் தடை கூடாது. துரையும் ஆபீஸ் சிப்பந்தியும் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றெல்லாம் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில் கைதும் பட்டாளமும் துப்பாக்கியும். தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 'என் நேரம் என்னுடையது, நான் இன்னான் என்பதற்கு மரியாதை வேண்டும்' என்பதே அக்கோரிக்கைகள் எல்லாவற்றின் உட்பொருளும். லீவு விஷயத்தை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டுகிறோம்.

நிற்க. சுயராஜ்யத்துக்குச் சற்று முன்பு வந்த 1955-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் இந்தத் தயவை முதன்முதலாகக் கணக்காக்கிற்று என்று சொல்லலாம். இன்று அச்சட்டப்படி, ஒரு முதலாளியிடம் இரண்டு வருஷம் நிரம்பாதவனுக்கு வருஷத்தில் 8 நாள் சம்பளத்தோடு லீவு. இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 12 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவனுக்கு 16 நாள். ஆஸ்பத்திரியில் படுக்காத நோய்க்கு அதே படிக்கட்டில் 14, 18, 22 நாள். 2023 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தினால் பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் உண்டாயிற்று. இவை யாவும் நல்லவையே.

ஆனால் அதே சட்டத்தில் இன்னும் சில விதிகள் இருக்கின்றன. பன்னிரண்டு மாத வேலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாட்கள், உத்தரவும் தக்க காரணமும் இல்லாமல் வராதவனுக்கு அவ்வருஷத்து லீவே கிடையாது. உத்தரவில்லாமல் தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் வராமல், தக்க காரணமும் இல்லாமல், முதலாளிக்குச் சொல்லியும் அனுப்பாதவன் ஒப்பந்தத்தை முறித்தவனாகக் கருதப்படுவான். எடுக்காத லீவு, குறித்த காலம் கடந்தால் அழிந்துபோகும். முதலாளி எழுத்து மூலம் கேட்டு, தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால்தான் அதற்குப் பதில் பணம். இவ்விதிகள் ஒவ்வொன்றும் எதை நம்பி நிற்கின்றன? எழுத்தை நம்பி. உத்தரவு கேட்டானா, கேட்கவில்லையா? கொடுத்தாரா, மறுத்தாரா? எந்தத் தேதியில்? இதைச் சொல்லும் காகிதம் ஒருவர் பெட்டியில் மாத்திரம் இருக்குமானால், நியாயமும் அந்தப் பெட்டியிலேயே பூட்டிக் கிடக்கும்.

ஆகவேதான் சர்க்கார் ஆபீசில் யந்திரக் கணக்கு வந்ததை நாம் வரவேற்கிறோம். பழைய காகித முறையின் லட்சணம் நமக்குத் தெரியாததல்ல. மனுவை எழுதிக் கொடுத்தால் அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போவதற்குள் லீவு நாளே கடந்துபோகும். "ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்." "பைல் கிடைக்கவில்லை." "அந்தக் குமாஸ்தா மாற்றலாகிப் போய்விட்டார்." வேண்டியவருக்கு ஒரு நிமிஷத்தில் கையெழுத்து, வேண்டாதவருக்கு ஒரு வாரம். யந்திரம் இந்தச் சில்லறைச் சர்வாதிகாரத்தை ஒரேயடியாக ஒழித்துவிடவில்லை. ஆனாலும் அதன் வாலை நறுக்கியிருக்கிறது. மனு போட்ட தேதியும் மணியும் அதில் நிற்கின்றன. மிச்சம் எத்தனை நாள் என்பதை ஊழியனே எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாம். தன் கணக்கைத் தானே பார்ப்பது என்ற இந்த ஒரு காரியத்துக்காக நம் பாட்டன்மார் எவ்வளவு கொடுத்திருப்பார்கள்!

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபனைகளில் முக்கால்வாசி சோம்பேறித்தனம். வயதானவர்களுக்கு யந்திரம் பழக்கமில்லை என்கிறார்கள். அவர்களே பேரப்பிள்ளையின் கலியாணப் படங்களைக் கைப்பேசியில் முந்நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். கிராமப்புறத்தில் சிக்னல் இல்லை என்கிறார்கள். சிக்னல் இல்லாவிட்டால் சிக்னல் கொண்டுவா என்று கேட்பது நியாயமே தவிர, பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்புவோம் என்பது நியாயமாகாது.

ஆனால் ஒரு ஆட்சேபனை மாத்திரம் கவனிக்கத் தக்கது. யந்திரம் ஊழியனுக்குக் கண்ணாடியாக இருக்கலாம். மேலே இருப்பவனுக்குக் கண்காணிக் குச்சியாகவும் இருக்கலாம். இந்தியாவில் கிராமத்து ஏழைகளுக்கான நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வேலைக்கு வந்தவர்களை வேலைத்தலத்திலேயே நாளைக்கு இரண்டு முறை கைப்பேசியில் படமெடுத்து ஏற்றவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். திருட்டை ஒழிக்க என்றார்கள். சிக்னல் கிடைக்காத காட்டிலும் கரட்டிலும் வெயிலில் மண் சுமந்த பெண்கள், படம் ஏறவில்லை என்பதனால் கூலியை இழந்ததாக இடந்தோறும் முறையிட்டார்கள். திருட்டாவது ஒழிந்ததா? சம்பந்தமில்லாத படங்களும், படத்தைப் படம் பிடித்த படங்களும் ஏற்றப்படுகின்றன என்று 2025 ஜூலையில் மத்திய சர்க்காரின் இலாகாவே சுற்றறிக்கை விட்டது. திருடத் தெரிந்தவன் யந்திரத்தையும் ஏய்ப்பான். ஏய்க்கத் தெரியாத கிழவிக்குத்தான் அரைப் பேர். செக்ரோலைக் கைப்பேசிக்குள் அடைத்துவிட்டால் அது முன்னேற்றமாகிவிடாது.

லீவு யந்திரத்திலும் இதே அபாயம் உண்டு. மேலதிகாரி ஒரு பொத்தானை அழுத்தி மறுக்கலாம் என்றால், முன்பு முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டதை இப்போது முகம் பாராமலே சொல்லிவிடலாம். ஆகையால் லீவை மறுப்பவர் காரணத்தை எழுத்தில் பதிந்தாக வேண்டும். அந்தக் காரணம் மனுதாரன் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமல்ல. 2023-இல் அமலான அதே திருத்தத்தில், வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுதிக் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நேரத்தை மாற்றக் கேட்பவனுக்குக் காரணம் சொல்லவேண்டும். தாய்க்கு நோய் என்று ஒரு நாள் கேட்பவனுக்குச் சொல்லவேண்டாமோ?

இவ்வளவும் யந்திரத்துக்குள்ளே பெயர் உள்ளவர்களைப் பற்றிய பேச்சு. இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம்.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகச் சுங்கை பெசாருக்கும், அதற்கப்பால் சபாக் பெர்ணத்துக்கும் போகிற ஐந்தாம் நம்பர் ரோட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். ஒரு காலத்தில் பால்மரக் காட்டுக்குள் நடந்த கால்கள் இப்போது மோட்டார் சைக்கிளில் போகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், லயங்கள் காலியாயின. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்களில் படித்தவர் சிலர் ஆபீஸ் நாற்காலிக்குப் போனார்கள். படிப்பு வாய்க்காத தாய்மார் அந்த ஆபீசின் தரையைக் கூட்டப் போனார்கள். ஆண்கள் பள்ளிக்கூடத்து வாசலிலும் காரியாலயத்து வாசலிலும் ஜாகாவாக நின்றார்கள். சுங்கை பெசார் சபாக் பெர்ணம் ஜில்லாவின் தலைநகர். அங்கும், கோல சிலாங்கூரிலும், சர்க்கார் கட்டடங்களில் காலை ஆறரை மணிக்கு விளக்கைப் போட்டு, கக்கூசைக் கழுவி, மேஜையைத் துடைத்து வைப்பவர்களில் நம் சகோதரிகளும் இருக்கிறார்கள் என்பதை அங்கே போய் வந்தவர்கள் அறிவார்கள்.

அந்த மேஜையின் மேல் இருக்கும் யந்திரத்தில்தான் லீவுக் கணக்கு இருக்கிறது. அதைத் துடைக்கும் அம்மாளின் கணக்கு அதில் இல்லை. ஏன் இல்லையென்று கேட்டால், அவள் சர்க்கார் ஊழியையல்ல, கான்ட்ராக்டரின் ஆள் என்பார்கள். ஆஸ்பத்திரித் துப்புரவு முதலிய துணைச் சேவைகள் 1997-இலேயே தனியார் கைக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடத் துப்புரவும் காவலும் குத்தகைக்குப் போயின. குத்தகை சில வருஷங்களுக்கு ஒருமுறை முடியும். புதிய குத்தகைக்காரர் வருவார். கட்டடம் அதேதான், துடைப்பம் பிடிக்கும் கையும் அதேதான். சட்டையின் நிறமும் சட்டையில் உள்ள கம்பெனிப் பெயரும் மாத்திரம் மாறும்.

இந்த மாற்றத்தில்தான் ஒரு நூதனக் களவு நடக்கிறது. சட்டம் லீவுக்கு வைத்த படிக்கட்டு, 'ஒரே முதலாளியிடம் எத்தனை வருஷம்' என்ற கணக்கின் மேல் நிற்கிறது என்று மேலே சொன்னோம். முதலாளி மாறினால் படியும் முதலிலிருந்து ஆரம்பம். ஒரு அம்மாள் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷம் கூட்டுகிறாள் என்றும், மூன்று வருஷத்துக்கொருமுறை குத்தகை மாறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குத்தகையிலும் முதல் இரண்டு வருஷத்துக்கு எட்டெட்டு, மூன்றாம் வருஷத்துக்குப் பன்னிரண்டு. ஆக 28 நாள். ஐந்து குத்தகைக்கு 140 நாள். அவளே ஒரே முதலாளியிடம் இருந்திருந்தால், முதல் இரண்டு வருஷத்துக்கு 16, அடுத்த மூன்று வருஷத்துக்கு 36, மிச்சமுள்ள பத்து வருஷத்துக்கு 160. ஆக 212 நாள். வித்தியாசம் 72 நாள். எழுபத்திரண்டு நாள் சம்பளத்தோடு கூடிய ஓய்வு! யாரும் அவள் பெட்டியை உடைக்கவில்லை. யாரும் அவள் கையிலிருந்து பறிக்கவில்லை. சட்டையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நோய் லீவுக்கும் இதே கதி. ஐம்பது வயதைத் தாண்டி, முழங்கால் தேய்ந்து, இரண்டு மாடி ஏறிக் கூட்டுகிறவளுக்கு 22 நாள் இருக்கவேண்டிய இடத்தில் 14 நாள். ஜாகாவின் சங்கதியும் அப்படியே. தகப்பனுக்குரிய 7 நாள் லீவு, அதே முதலாளியிடம் அதற்கு முன் பன்னிரண்டு மாதம் வேலை பார்த்தவனுக்குத்தான். போன மாதம் குத்தகை மாறிய பள்ளிக்கூடத்தின் வாசலில் எட்டு வருஷமாக நிற்கும் இளைஞனுக்கு இந்த மாதம் குழந்தை பிறந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அவன் நேற்று வந்தவன். உள்ளே இருக்கும் வாத்தியாருக்குக் குழந்தை பிறந்தால் யந்திரம் லீவைப் பதிகிறது. வாசலில் இருப்பவன் பிள்ளை முகத்தைப் பார்க்கச் சம்பளத்தை விட்டுப் போகவேண்டும். சம்பளமோ, 2025 பிப்ரவரி முதல் சட்டம் விதித்த குறைந்தபட்சமான 1,700 வெள்ளியைச் சுற்றியே நிற்பது.

இதை அவர்கள் சகித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். அரசாங்கக் குத்தகைத் தொழிலாளர் ஒன்றுகூடிப் பல வருஷங்களாக இக்குறையைச் சொல்லி வருகிறார்கள்; குத்தகை முறையையே ஒழித்து எங்களை நேரே வேலைக்கு எடுங்கள் என்கிறார்கள். அதுவே முழு நியாயம் என்பது நம் அபிப்பிராயம். இது மலேசியாவின் வியாதி மாத்திரமும் அல்ல. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர், தங்கள் வேலை தனியாருக்குக் கைமாறுவதை எதிர்த்து, 2025 ஆகஸ்டு மாதம் முதல் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் இரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். உள்ளே இருக்கும் உத்தியோகஸ்தருக்குக் கணக்கு உண்டு. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இல்லை.

"நாங்கள் என்ன செய்வது? அவர்கள் எங்கள் ஆட்கள் அல்லவே" என்று ஆபீஸ்காரர்கள் சொல்லும் சமாதானத்தைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம். குத்தகைப்படி இத்தனை ஆள் வேலைக்கு வரவேண்டும் என்று அந்த ஆபீசே நிர்ணயிக்கிறது. வந்தவர் கையெழுத்தையோ கைரேகையையோ பார்த்துக்கொள்ளுகிறது. ஆள் வராத நாளுக்குக் குத்தகைத் தொகையில் பிடித்தம் செய்வதும் வழக்கம். கான்ட்ராக்டர் அதைத் தம் கைப்பணத்திலிருந்தா கொடுப்பார்? ஆக, அந்த அம்மாள் வந்தாளா வரவில்லையா என்பது பணத்தைப் பிடிக்கும்போது சர்க்காருக்கு நன்றாகத் தெரிகிறது. லீவைக் கொடுக்கும்போது மாத்திரம் தெரியாமற் போய்விடுகிறது. இதைவிடச் சாமர்த்தியமான குருட்டுத்தனத்தை நாம் கண்டதில்லை.

வருஷங்களைக் கூட்டிச் சேர்க்க வழியில்லை என்றும் சொல்லுகிறார்கள். முதலாளி மாறும்போது பழைய வருஷத்தை எப்படிப் புதிய முதலாளி தலையில் வைப்பது என்று கேட்கிறார்கள். ஊழியர் சேமநிதி என்று ஒன்று 1951 முதல் இந்நாட்டில் நடக்கிறதே, அது எப்படி நடக்கிறது? பத்து முதலாளி மாறினாலும் தொழிலாளியின் சேமநிதிக் கணக்கு ஒன்றே. எந்த மாதம் எந்த முதலாளி எவ்வளவு கட்டினார் என்பது அதில் வரிசையாக நிற்கிறது. அதுவும் இன்று யந்திரத்தில்தான் இருக்கிறது. தொழிலாளி தன் கைப்பேசியிலேயே பார்க்கிறாள். பணம் ஆளோடு கூடவே போகலாம் என்றால், செய்த வருஷங்கள் ஆளோடு கூடவே போகக் கூடாதா? சர்க்கார் வேறு யாரையும் கேட்கவேண்டியதில்லை. குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தால் போதும்: 'இக்கட்டடத்தில் முன்பே வேலை செய்துவரும் ஆட்களை எடுக்கும்போது, அவர்கள் இங்கே செய்த வருஷம் முழுவதையும் லீவுக்குக் கணக்கிடவேண்டும், அந்தக் கணக்கை ஆபீஸ் யந்திரத்தில் பதிந்து, தொழிலாளி பார்க்கும்படி வைக்கவேண்டும்.' இதற்குச் செலவு அதிகமாகும் என்பார்கள். ஆகட்டுமே. வருஷத்துக்கு அதிகம் போனால் எட்டு நாள் கூடுதல் லீவின் செலவு, அந்த அம்மாளின் உடம்பிலிருந்து இன்று வசூலாகிறது; நாளைக்குக் குத்தகைத் தொகையிலிருந்து வசூலாகட்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கான்ட்ராக்டர்களின் கீழே இருக்கும் சூப்பர்வைசர்களில் நம்மவர் பலர். "சட்டப்படி எட்டு நாள்தான் அக்கா, நான் என்ன செய்ய?" என்று அவர்கள் இளித்துக்கொண்டு சொல்லும்போது, செக்ரோல் பிடித்த பழைய கிராணியாரின் குரல் நம் காதில் விழுகிறது. பட்டணத்தில் ஆபீஸ் நாற்காலியில் இருக்கும் நம் படித்த வாலிபர்களோ, தங்கள் லீவு மிச்சத்தை நாளுக்கு நான்கு முறை பார்த்துக்கொள்ளுகிறார்கள். தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு பெனாங்குக்குப் போகிறார்கள். போகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தங்கள் மேஜையைத் துடைக்கிறவள் தீபாவளி மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஏன் வந்து நிற்கிறாள் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? அந்த அம்மாளைக் கேட்டால், "எல்லாம் தலையெழுத்து" என்பாள். பிரமனுக்கு இந்த விஷயத்தில் சம்பந்தமே இல்லை, தாயே! எழுதியது கான்ட்ராக்டர் ஆபீசிலுள்ள குமாஸ்தா. எழுதிய புத்தகத்தை நீ பார்க்கவில்லை.

முதலாளி ஒவ்வொருவரும் தம் ஆட்களைப் பற்றிய பதிவேட்டை வைத்திருக்கவேண்டும் என்று 1955-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. அதை ஆறு வருஷத்துக்குக் குறையாமல் காப்பாற்றவும் வேண்டும். குத்தகை போய்விட்ட பழைய கம்பெனியும் இதற்குக் கட்டுப்பட்டதே. கேட்க ஆளில்லாத காரணத்தால்தான் அந்தப் பதிவேடுகள் தூங்குகின்றன. காகிதம் இல்லாமற் போனவர்களுக்கு என்ன நேரும் என்பதை 1969-ஆம் வருஷம் நம் சமூகம் கண்டது. பிரஜாவுரிமைப் பத்திரமும் வேலைப் பெர்மிட்டும் இல்லாததனால், பிறந்தது முதல் இந்நாட்டையன்றி வேறு அறியாதவர்கள்கூடக் கப்பலேறிப் போனார்கள். அவர்கள் உழைத்த வருஷங்கள் தோட்டத்துச் செக்ரோல்களில் இருந்தன. அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

ஆதலால் சுங்கை பெசார், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரங்களில் சர்க்கார் கட்டடங்களில் குத்தகை வேலை பார்க்கும் சகோதரிகளும் சகோதரர்களும் குத்தகை மாறும் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதங்கள், சம்பளச் சீட்டுகள் எவை இருந்தாலும் ஒரு உறையில் போடுங்கள். சேமநிதி ஆபீசிலோ, பிள்ளைகளைக் கொண்டு கைப்பேசியிலோ, வேலை பார்த்த வருஷங்கள் முழுவதற்கும் சேமநிதி அறிக்கையை எடுங்கள். எந்த மாதம் எந்தக் கம்பெனி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரே கட்டடத்தில் வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, எந்த வருஷம் எத்தனை நாள் லீவு கொடுத்தார்கள், எத்தனை நாள் மறுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆபீசிலுள்ள நம் படித்த வாலிபர்கள் எழுதிக் கொடுக்கட்டும். லீவு மிச்சம் பார்க்கும் நேரத்தில் கால் பங்கு போதும். ஒரு நகலைத் தொழிலாளர் இலாகாவிலும், ஒரு நகலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற அங்கத்தினர் காரியாலயத்திலும், ஒன்றை நீங்கள் வேலை பார்க்கும் ஆபீசின் தலைவரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அசலை யாரிடமும் கொடுக்கவேண்டாம்.